நாறாத புதன்கிழமை

ஆள் வருவதற்கு முன்பே நாற்றம் மாடிப்படி ஏறி வந்துவிட்டது.

விசாரணை அலுவலகத்தின் முன்னறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மோப்பம் முதலில் தன் காலுறையைத்தான் சந்தேகப்பட்டார். குனிந்து முகர்ந்து பார்த்தார், அதன்மேல் குற்றமில்லை. அடுத்துக் குப்பைக்கூடையைச் சந்தேகிப்பதற்குள் கீழ்த்தளத்துத் தையல்காரர் கதவை அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. யாரோ ஓங்கரிக்கும் சத்தமும் தொடர்ந்தது.

மோப்பம் என்பது வீட்டார் வைத்த பட்டப்பெயர். பால் நாளைக்குத் திரியப்போகிறது என்று இன்றைக்கே முகர்ந்து சொல்லிவிடும் மனிதர். அப்பேர்ப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு காப்பீட்டு முகவராக வீடு வீடாக ஏறி இறங்க முடியாமல், இரண்டு வருடம் முன்பு அண்ணி நடத்தும் இந்தத் தனியார் விசாரணை அலுவலகத்தில் வந்து ஒட்டிக்கொண்டார். அண்ணிக்கோ மூக்கே கிடையாது என்று சொல்லலாம். அரசாங்கப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் ரசாயனங்களோடு மல்லுக்கட்டியதில் வாசனை தெரியும் சக்தி அடியோடு போய்விட்டது. அவருக்கு ரோஜாத் தோட்டமும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான்.

கதவில் நின்றவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வெளுத்த சட்டை, ஈரம் காயாத தலை, தேய்த்துத் தேய்த்துத் தோலுரிந்த கைகள். குளித்துவிட்டு நேராக வந்திருக்கிறார், அதுவும் பலமுறை குளித்துவிட்டு. அப்படியும் அவரிடமிருந்து, ஒரு வாரத்து அக்குள் வியர்வையில் அழுகிய வெங்காயத்தை ஊறப்போட்டது போல நாறியது.

"உள்ளே வரலாமா, இல்ல இங்கயே நின்னு சொல்லிடட்டுமா? எதுன்னாலும் எனக்குச் சரிதான்" என்றார்.

"வந்து உக்காருங்க" என்றார் அண்ணி.

மோப்பம் பாய்ந்து போய், அவர் உட்காரப்போன நாற்காலியில் செய்தித்தாளை விரித்தார். வந்தவர் அதைப் பார்த்தும் பார்க்காதது போல அதன்மேல் உட்கார்ந்தார்.

அவர் ஒரு வாசனைத் தொழிற்சாலையில் ஆபரேட்டர். சோப்பிலும் சென்ட்டிலும் கலக்கும் பழ வாசனைச் சரக்கைப் பதினாறு வருடமாகத் தயாரிப்பவர். போன வாரம் தயாரான சரக்கு பழ வாசனைக்குப் பதிலாக இந்த நாற்றத்தோடு வெளிவந்துவிட்டது. வேண்டுமென்றே தப்பான டிரம்மை எடுத்து வைத்து அவர்தான் நாசம் செய்தார் என்று குற்றச்சாட்டு. நேற்று அறிவிப்புப் பலகையில் அவர் பெயரைப் போட்டு ஒட்டிவிட்டார்கள். இன்று நான்கு மணிக்கு விசாரணை. அது முடிந்ததும் வேலை போகும்.

"வேலை போனா போகட்டும்னு விட்டுடலாம்மா. ஆனா நாசவேலைன்னு எழுதி அனுப்பினா, அப்புறம் எந்தத் தொழிற்சாலை வாசல்லயும் என்னை நிக்க விடமாட்டாங்க. எனக்கு வேற தொழில் தெரியாது. வீட்டுல மூணு நாளா வராந்தாவுலதான் படுக்கை. என் சம்சாரம் சோத்துத் தட்டைத் தரையில வச்சுத் தள்ளி விடுறா. அவளையும் குத்தம் சொல்ல முடியாது, கண் ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்கூட ஆகல."

"நாத்தம் உங்க மேல எப்படி இவ்வளவு ஒட்டுச்சு?"

"கெட்டுப்போன சரக்கை வெளியேத்தி, பானையைக் கழுவுற வேலையை எனக்கே குடுத்தாங்க. நான் செஞ்ச தப்பை நானே கழுவணுமாம். மூணு நாள், தனியா."

மோப்பம் சன்னலோரமாக நகர்ந்தார். அண்ணி மட்டும் நிதானமாக ஒரு தாளை எடுத்தார்.

"டிரம்மைப் பத்திச் சொல்லுங்க."

"நாங்க ஆரம்பிக்கிற ஆல்கஹால் ரெண்டு ஜாதியா வரும்மா. இடக்கை, வலக்கைன்னு சொல்லுவோம். ரெண்டுலயும் அணுக்கள் எல்லாம் ஒண்ணுதான். ஆனா கண்ணாடியில பாக்குற மாதிரி, ஒண்ணு இன்னொண்ணோட பிம்பம். பழ வாசனைக்கு இடக்கை டிரம்ல ஆரம்பிக்கணும். கடைசியில வலக்கைச் சரக்கு வரும், அதுதான் மணக்கும். மாத்தி வலக்கையில ஆரம்பிச்சா இடக்கைச் சரக்கு வரும். அதுதான் இது" என்று தன் சட்டையைத் தொட்டுக் காட்டினார். "ரெண்டு படி வேலை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் இடக்கை டிரம்மை எடுத்து வச்சேன். புதன்கிழமை அவளோட கண் ஆபரேஷனுக்காக லீவு. அன்னைக்கு முதல் படியை எங்க துணை மேலாளரே செஞ்சாரு. வியாழக்கிழமை நான் வந்து ரெண்டாவது படியைச் செஞ்சேன், கந்தகத்தைச் சேக்குறது. வெள்ளிக்கிழமை பானையைத் திறந்தா ஊரே ஓடுது. நான் வச்சது வலக்கை டிரம்னு அவரு சொல்றாரு. காலி டிரம்மைப் பாத்தா வலக்கைன்னுதாம்மா லேபிள் இருக்கு. எனக்கே தலை சுத்துது."

அண்ணி மோப்பத்தின் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்க மூக்கைக் கொஞ்சம் கடன் குடுங்க. கிட்டப் போய், என்னென்ன வாசனைன்னு பிரிச்சுச் சொல்லுங்க."

"அண்ணி, இங்கிருந்தே நல்லாத் தெரியுதே!"

"கிட்டப் போங்க."

மோப்பம் தன் விதியை நொந்துகொண்டே குனிந்தார். கண்ணில் நீர் முட்டியது. "வியர்வை. அழுகின வெங்காயம். காயாத துணி... போதுமா?"

"இன்னும்."

"அடியில எங்கயோ..." மோப்பம் நிமிர்ந்தார். அவருக்கே ஆச்சரியம். "பழ வாசனை இருக்கு அண்ணி. நல்லாப் பழுத்த பழம். ரொம்பக் கொஞ்சம்தான், ஆனா இருக்கு."

அண்ணி அதை எழுதிக்கொண்டு அடிக்கோடு போட்டார். "நாலு மணிக்குள்ள பாத்துடலாம். வண்டியை எடுங்க."

காரின் பின்சீட்டில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்ட பிறகே மோப்பம் ஆபரேட்டரை ஏறச் சொன்னார்.

தொழிற்சாலைக்கு வெளியே பூச்செடிகளும் கண்ணாடிக் கதவுமாக எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே போனால்தான் வண்டவாளம் தெரிந்தது. கழிவு வாய்க்காலில் பச்சையாக ஏதோ படர்ந்து கிடந்தது. ஆபரேட்டர்கள் குளிக்கும் இடத்தில் ஒரே குழாய், அதுவும் சொட்டிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் மணம் அனுப்புகிறவர்கள் தங்கள் ஆட்கள் கழுவிக்கொள்ள ஒரு வாளி வெந்நீர்கூட வைக்கவில்லையே என்று மோப்பத்துக்கு எரிச்சலாக வந்தது.

துணை மேலாளரைப் பார்த்ததும் அந்த எரிச்சல் போன இடம் தெரியவில்லை. மடிப்புக் கலையாத கோட்டு, நகம் வெட்டிய விரல்கள், பக்கத்தில் போனாலே பூவும் சந்தனமுமாக ஒரு மணம். அவருக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் 'சென்ட் சார்'. வந்தவர்களுக்கு அவர் தன் முகவரி அட்டையை நீட்டினார். அட்டையும் மணந்தது. காலையிலிருந்து செத்துப் பிழைத்த மோப்பம் அதை மூக்கில் வைத்து ஆழமாக இழுத்தார். பிறகு பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நீங்க விசாரிக்கிறதுல எனக்கு ஆட்சேபணையே இல்லை" என்றார் சென்ட் சார். ஆபரேட்டர் நின்ற பக்கம் அவர் பார்க்கவே இல்லை. கைக்குட்டையை மட்டும் மூக்கருகே வைத்துக்கொண்டார். "அவர் எடுத்து வச்ச டிரம்மை நம்பி, புத்தகத்துல இருக்கிறபடி டோசில் முறையில முதல் படியை நானே செஞ்சேன். லேபிளைச் சரிபார்க்காம விட்டது என் தப்பு, ஒத்துக்கிறேன். பதிவேட்டைப் பாருங்க. பரிசோதனை அறிக்கையும் இருக்கு."

சரக்கின் வழியே ஒளிக்கதிரை விட்டு, அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அளந்த அறிக்கை. போன வாரச் சரக்குக்கு ஒரே ஒரு வரி. கெட்ட சரக்கு ஒளியை இடப்பக்கம் முப்பத்தொரு டிகிரி திருப்பியது. அதற்கு மேலே, முந்தைய மாதங்களின் நல்ல சரக்குக்கான வரிகள்: வலப்பக்கம் நாற்பது, நாற்பது, முப்பத்தொன்பதரை, நாற்பது.

"இடப்பக்கம் திருப்பினா இடக்கைச் சரக்கு. அதாவது வலக்கை டிரம். வேற என்ன சாட்சி வேணும்?" என்றார் சென்ட் சார்.

"தெளிவா இருக்கு" என்றார் அண்ணி. மோப்பத்துக்கும் அப்படித்தான் தோன்றியது. பாவம், ஆபரேட்டர் தப்பான டிரம்மைத்தான் எடுத்திருக்கிறார், மறந்துபோயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் படி நடந்த அறையில் பெரிய எஃகுப் பானையும், சுவரில் தடித்த ரப்பர் கையுறைகளும், ஒரு கொக்கியில் கத்தரிக்கோலும் இருந்தன. அண்ணி கத்தரிக்கோலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முழுக்கச் செந்துரு.

"இது எவ்வளவு நாள் ஆச்சு?"

"போன திங்கக்கிழமை புதுசா வாங்கி மாட்டினேம்மா" என்றார் ஆபரேட்டர். "பளபளன்னு இருந்துச்சு."

வெளியே வராந்தாவில் தேநீர் கொடுக்கும் அம்மா நின்றிருந்தார். அண்ணி ஒரு கோப்பை வாங்கிக்கொண்டார். ஆபரேட்டருக்கு மட்டும் தனியாக, காது உடைந்த கோப்பை. அதைப் பார்த்த மோப்பத்துக்கு இங்கே ஒரு வாய் தண்ணீரும் இறங்காது என்று தோன்றியது.

"முதல் படி நடக்கிற அன்னைக்கு உங்க வியாபாரம் எப்படிம்மா இருக்கும்?" என்று அண்ணி கேட்டார்.

"அதை ஏன் கேக்குறீங்க! பிரிடின்னு ஒண்ணை ஊத்துவாங்க. ஊசிப்போன மீனை வேகவச்ச மாதிரி முற்றம் முழுக்க அடிக்கும். ஒருத்தர் பிஸ்கட்டைத் தொடமாட்டாங்க. எல்லாத்தையும் அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போவேன்."

"போன புதன்கிழமையும் அப்படித்தானா?"

அந்த அம்மா யோசித்தார். "இல்லையே. அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள பிஸ்கட் தீர்ந்துபோச்சு. தொண்டைதான் கொஞ்சம் கரகரன்னு இருந்துச்சு எல்லாருக்கும். ஆனா நாத்தம் இல்ல."

கிடங்குக்காரர் குள்ளமாக, சிடுசிடுப்பாக இருந்தார். மேஜையில் தலைவைத்துத் தூங்கியதற்கு அடையாளமாகக் கன்னத்தில் பேனா மூடியின் தடம் பதிந்திருந்தது. "நான் குடுத்தது இடக்கைதான். என்னையும் கோத்துவிடாதீங்க" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்.

கிடங்கில் அந்த ஆல்கஹால் டிரம்கள் இரண்டுதான் இருந்தன. 'வலக்கை' என்று ஒட்டியிருந்தது காலி. 'இடக்கை' என்று ஒட்டியிருந்தது நிறைந்திருந்தது. பக்கத்தில் வேறு சரக்குகளின் டிரம்கள் வரிசையாக நின்றன.

"டிரம்மெல்லாம் திரும்பப் போகணும்கிறதால லேபிளை நானேதான் ஒட்டுவேன், நானேதான் உரிப்பேன்" என்றார் கிடங்குக்காரர். "ஒரு மூலையை ஒட்டாம விட்டுடுவேன். அதைப் பிடிச்சு இழுத்தா முழுசா வந்துடும். இல்லன்னா நகம் பேந்துபோகும்."

மோப்பம் ஆர்வத்தோடு வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். எல்லா லேபிளிலும் வலது கீழ்மூலை தூக்கிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு டிரம்களுக்கு வந்ததும் நின்றார்.

"அண்ணி! இந்த ரெண்டுலயும் நாலு மூலையும் அழுத்தி ஒட்டியிருக்கு!"

"நான் அப்படி ஒட்டமாட்டேனே" என்று கிடங்குக்காரர் பதறினார்.

"மோந்து பாருங்க தம்பி."

மோப்பம் லேபிளில் மூக்கை வைத்தார். பசை. பழைய எண்ணெய். இவற்றுக்கு மேலே மெல்லியதாக வேறு ஒன்று. அதை அவருக்குத் தெரியும். அது அவர் சட்டைப்பைக்குள்ளேயே இருந்தது. சொல்ல வாயெடுத்தவரை அண்ணி கண்ணாலேயே தடுத்துவிட்டார்.

பிறகு அண்ணி இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகளைக் கேட்டு வாங்கினார். காலி டிரம்மைச் சாய்த்து அடியில் தேங்கியிருந்ததை ஒன்றில் பிடித்தார். நிறைந்த டிரம்மிலிருந்து கொஞ்சம் மற்றதில். கிடங்குக்காரரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு பரிசோதனை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அழுக்குத் துணியைத் தொட்டுவிட்டவர் போலக் கைகளை உடம்பிலிருந்து தள்ளி வைத்திருந்தார்.

"எல்லாரையும் அந்தப் பானை அறைக்கே வரச்சொல்லுங்க" என்றார்.

நான்கு மணிக்கு எல்லாரும் வந்தார்கள். தொழிற்சாலை முதலாளியம்மாவுக்கு நாற்காலி போடப்பட்டது. சென்ட் சார் சன்னலோரமாக நின்றார். கிடங்குக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆபரேட்டர் யாரும் சொல்லாமலே மூலைக்குப் போய், எல்லாரிடமிருந்தும் விலகி நின்றார். அவரைக் குற்றவாளி என்று பாதி தீர்மானித்திருந்ததை நினைத்து மோப்பத்துக்குக் கூச்சமாக இருந்தது.

அண்ணி சுவரிலிருந்து ஒரு தடித்த ரப்பர் கையுறையை எடுத்தார்.

"இது இடக்கைக்கு உள்ளது. வலக்கையில போட்டா கட்டைவிரல் தப்பான பக்கம் வரும்." இழுத்து உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பினார். "இப்ப இது வலக்கைக்குச் சரியாப் போகும். அதே ரப்பர், அதே அஞ்சு விரல். ஆனா கை மாறிடுச்சு. நீங்க தயாரிக்கிற சரக்குல நடக்கிறதும் இதேதான். நடுவுல ஒரு கார்பன் அணு. அதுல நாலு பேர் தொத்திக்கிட்டிருக்காங்க. புதுசா ஒருத்தர் வந்து ஒருத்தரைத் தள்ளிட்டு உக்காரணும்னா, முன்பக்கமா வர முடியாது. பின்பக்கமாத்தான் வந்து முட்டணும். அவர் பின்னால முட்ட, முன்னால இருந்தவர் கழண்டு போக, மீதி மூணு பேரும் அப்படியே மறுபக்கம் மடங்கிடுவாங்க. ஒவ்வொரு தடவை இப்படித் தள்ளும்போதும் கை ஒரு தடவை மாறும்."

"இதெல்லாம் இங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்" என்றார் சென்ட் சார்.

"தெரிஞ்சதாலதான் உங்ககிட்டச் சொல்றேன். உங்க புத்தக முறையில முதல் படி என்ன? ஆல்கஹால்ல இருக்கிற ஆக்சிஜன் தலையில டோசில்னு ஒரு பாரத்தை ஏத்துறது. ஆக்சிஜன் உக்காந்த இடத்தை விட்டு அசையல. கார்பனை யாரும் தொடல. அதனால கை மாறாது. ரெண்டாவது படியில கந்தகம் பின்னால வந்து முட்டி, பாரத்தோட அதைத் தள்ளிவிடும். ஒரே ஒரு திருப்பம். இடக்கையில ஆரம்பிச்சா வலக்கை, பழ வாசனை. சரியா?"

"சரிதான். அவர் வலக்கையில ஆரம்பிச்சதால இடக்கை வந்துச்சு."

"காலி டிரம்மோட அடியில தேங்கினதை இப்பத்தான் பரிசோதிச்சேன். லேபிள் வலக்கைன்னு சொல்லுது. உள்ள இருந்தது ஒளியை இடப்பக்கம் திருப்புச்சு. எல்லாப் பொருளுக்கும் அப்படி இல்ல, ஆனா உங்க ஆல்கஹாலைப் பொறுத்தவரை இடப்பக்கம்னா இடக்கை. நிறைஞ்ச டிரம்ல இடக்கைன்னு ஒட்டியிருக்கு, உள்ள இருக்கிறது சுத்தமான வலக்கை. கிடங்குக்காரர் கண்ணால பாத்தார்."

"பாத்தேன்" என்றார் கிடங்குக்காரர். "என் லேபிளை யாரோ மாத்தி ஒட்டியிருக்காங்க. அதுவும் மூலையையெல்லாம் அழுத்தி."

முதலாளியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படின்னா இவர் சரியான டிரம்மைத்தான் வச்சாரா?"

"சரியான டிரம். இடக்கையில ஆரம்பிச்சு இடக்கையிலயே முடிஞ்சிருக்கு." அண்ணி திருப்பிய கையுறையை மறுபடியும் திருப்பினார். அது பழையபடி இடக்கைக் கையுறையாகிவிட்டது. "ரெண்டு தடவை திருப்பினாத்தான் இப்படி வரும். ரெண்டாவது படியில ஒண்ணு. இன்னொண்ணு முதல் படியில நடந்திருக்கணும். ஆனா டோசில் முறையில அங்க திருப்பமே கிடையாது. அப்ப புதன்கிழமை இந்தப் பானையில நடந்தது டோசில் முறை இல்ல."

மோப்பத்துக்கு இப்போது தாங்கவில்லை. "பிஸ்கட் அண்ணி! அன்னைக்கு பிஸ்கட் தீர்ந்துபோச்சே!"

"ஆமா. டோசில் முறைக்குப் பிரிடின் வேணும். அதை ஊத்தியிருந்தா யாரும் சாப்பிட்டிருக்க முடியாது. அன்னைக்கு நாறவேண்டிய இடம் நாறல. அதுக்குப் பதிலா எல்லார் தொண்டையும் கரகரத்துச்சு, புதுக் கத்தரிக்கோல் துருப்பிடிச்சுச்சு. ஆக்சிஜனைத் தள்ளிட்டு புரோமினை உக்கார வைக்கிற சரக்கு ஒண்ணு இருக்கு. புகையும், இரும்பை அரிக்கும், ஆனா மீன் நாத்தம் அடிக்காது. அதுல புரோமின் பின்பக்கமா வந்து முட்டும். அது ஒரு திருப்பம்." அண்ணி சென்ட் சாரைப் பார்த்தார். "பரிசோதனை அறையில உங்க ஆராய்ச்சி அலமாரியில அந்தப் புட்டி இருக்கவேண்டிய இடம் காலியா இருக்கு. தூசியில வட்டமா தடம் மட்டும் இருக்கு."

"இது எல்லாம் ஊகம்" என்றார் சென்ட் சார். ஆனால் கைக்குட்டை மூக்கிலிருந்து நெற்றிக்குப் போய்விட்டது.

"முப்பத்தொண்ணு ஊகம் இல்லையே. நீங்களே காட்டின அறிக்கை. வெறுமனே டிரம் மாறிப்போய், புத்தக முறையில ஒரே திருப்பம் நடந்திருந்தா, சுத்தமான இடக்கைச் சரக்கு வந்திருக்கும். இடப்பக்கம் நாப்பது காட்டியிருக்கும். ஒன்பது டிகிரி எங்க போச்சு? புரோமின் முறையில ஒரு வம்பு உண்டு. வேலை முடிஞ்ச உடனே கழுவி எடுக்காம அப்படியே விட்டா, மிச்சம் இருக்கிற புரோமின்கள் உக்காந்திருக்கிற புரோமினையே பின்னால முட்டித் தள்ளும். சிலதுக்கு இன்னொரு திருப்பம். அப்படித் திரும்பினதெல்லாம் கடைசியில பழ வாசனைச் சரக்காத்தான் முடியும். பத்துல ஒரு பங்கு இருந்தாலே போதும், அதே அளவு இடக்கையையும் சேத்து ஈடுகட்டிடும். இவர் சட்டையில இருந்த அந்தப் பழ வாசனையைத் தம்பி காலையிலேயே மோந்து சொல்லிட்டார். புதன்கிழமை சாயங்காலம் பானையைக் கழுவாம எங்க போனீங்க?"

முதலாளியம்மாதான் மெதுவாகச் சொன்னார்: "என் மகளோட கல்யாண வரவேற்பு. முதல் ஆளா வந்தார். புதுக் கோட்டு போட்டுக்கிட்டு."

மோப்பத்துக்கு எல்லாம் பொருந்திவிட்டது. பிரிடின் நாற்றம் தலைமுடியில் ஏறினால் இரண்டு நாள் போகாது. முதலாளி வீட்டு விசேஷத்தில் ஊசிப்போன மீன் மாதிரி நிற்க இந்த மனிதருக்கு மனமில்லை. பதினாறு வருடமாக இன்னொருவர் அப்படித்தான் வீட்டுக்குப் போகிறார் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

"முறையை மாத்தினா டிரம்மையும் மாத்தணும்" என்றார் அண்ணி. "புரோமின் முறைக்கு வலக்கையில ஆரம்பிச்சிருந்தா, ரெண்டு திருப்பத்துல வலக்கையே வந்திருக்கும், ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. அவசரத்துல, முன்னால இருந்த டிரம்மை அப்படியே ஊத்திட்டீங்க. வெள்ளிக்கிழமை நாறினதும்தான் உங்களுக்கு எண்ணிக்கை உறைச்சது. லேபிளை மாத்தினீங்க. நிறைஞ்ச டிரம்மைத் தப்பான லேபிளோட விட்டிருக்கீங்க. அடுத்த தடவை எவர் அதை எடுத்தாலும் மறுபடி நாறும். அந்தப் பழி யார் தலையிலன்னு யோசிச்சீங்களா?"

"லேபிளை நான்தான் மாத்தினேன்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

மோப்பம் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தார். "ரெண்டு லேபிளும் இப்படித்தான் சார் மணக்குது. இந்தத் தொழிற்சாலையில இப்படி மணக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

சென்ட் சார் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு, அன்றைக்கு முதல்முறையாக, ஆபரேட்டர் நின்ற மூலையைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று மோப்பம் நினைத்தார்.

"நான் கெடுதல் பண்ணணும்னு செய்யல" என்றார் சென்ட் சார். "அந்த ஆள் எப்பவும் நாறிக்கிட்டேதானே இருக்கான். அவன் மேல போட்டா பெருசா வித்தியாசம் தெரியாதுன்னு நினைச்சேன்."

இவ்வளவு நேரம் ஆபரேட்டர் மேலிருந்து வந்த நாற்றத்தை மோப்பம் எப்படியோ தாங்கிக்கொண்டிருந்தார். இதைத் தாங்க முடியவில்லை. சன்னலருகே நின்ற பூவும் சந்தனமும் நேராகத் தொண்டைக்குள் இறங்கியது போலிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, அந்தப் பச்சை வாய்க்கால் ஓரமாகக் குனிந்து, காலையில் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தார்.

திரும்பி வந்தபோது முதலாளியம்மா, "நடந்தது நடந்துபோச்சு, நமக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம். இவரை நாளையிலிருந்து வேலைக்கு வரச்சொல்லுங்க" என்று பூசி மெழுகிக்கொண்டிருந்தார். சென்ட் சார் போய்விட்டிருந்தார்.

"அம்மா" என்றார் ஆபரேட்டர். மூலையை விட்டு அவர் அசையவில்லை. "எனக்கு எதிரா ஒட்டினது பலகையிலதான். இது தப்புன்னு எழுதி, யார் செஞ்சதுன்னும் எழுதி, அதே பலகையில ஒட்டுங்க. அது வரைக்கும் நான் வரல."

முதலாளியம்மா அண்ணியைப் பார்த்தார். அண்ணி பரிசோதனை எண்களை எழுதிய தாளை மேஜையில் வைத்து, பேனாவையும் பக்கத்தில் வைத்தார். முதலாளியம்மா பேனாவை எடுத்துக்கொண்டார். முழுப்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கிடங்குக்காரரிடம் கொடுத்தார். அவர் அதைக் கொண்டுபோய்ப் பலகையில் நாலு மூலையும் அழுத்தி ஒட்டினார். "இது உரிக்கிறதுக்கு இல்ல" என்றார்.

கார் நின்ற இடத்துக்கு வந்ததும் மோப்பம் அந்த மணக்கும் அட்டையைக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். பின்கதவைத் திறந்து பிளாஸ்டிக் விரிப்பை உருவிச் சுருட்டி அதையும் அங்கேயே போட்டார்.

ஆபரேட்டர் பதறிவிட்டார். "அய்யோ, விரிப்பு இருக்கட்டும் சார். சீட்டுல ஒட்டிக்கிச்சுன்னா மாசக்கணக்குல போகாது."

"நீங்க பின்னால உக்காரல" என்றார் மோப்பம். முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அண்ணி தானே பின்சீட்டுக்குப் போய்விட்டார்.

ஆபரேட்டர் தயங்கித் தயங்கி ஏறினார். வண்டி நகர்ந்ததும் வியர்வையும் வெங்காயமும் ஈரத்துணியும் மோப்பத்தின் மூக்கில் வந்து அப்பிக்கொண்டன. கண்ணில் நீர் வழிந்தது. அவருடைய கை பழக்கத்தில் கண்ணாடியை இறக்கப் போய், நடுவிலேயே நின்று, ஸ்டியரிங்குக்குத் திரும்பி வந்தது.

"வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.